எழ முடியாதவர்களுக்கான அலாரம்: அணைக்கும் வேலையைப் படுக்கையிடம் விடுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: ஐந்தாறு அலாரம் வைத்தும் குறித்த நேரத்துக்கு எழ முடியாதவர்களுக்காக வழக்கத்துக்கு மாறான ஒரு கடிகாரத்தை வடிவமைக்க வேண்டும், ஒலியை இன்னும் கூட்டுவதா, அணைப்பதற்குக் கணக்குப் போடவைப்பதா, கைக்கு எட்டாமல் ஓடும் கடிகாரம் செய்வதா, எது உண்மையில் பயன் தரும்? இந்த மூன்று யோசனைகளும் அலாரம் அடிக்கும் அந்த ஒரு கணத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து. எழுவதற்குச் சிரமப்படுகிறவரின் சிக்கல் பெரும்பாலும் அந்தக் கணத்துக்குப் பிந்தைய இருபது நிமிடங்களில் இருக்கிறது. ஓரளவு அதற்கு முந்தைய அரைமணி நேரத்திலும் இருக்கிறது. அந்த நேரம் முழுவதையும் கவனிக்கிற கருவியாக உங்கள் கடிகாரத்தை வடிவமைத்தால், அது பார்ப்பதற்கு விந்தையாக இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

முதலில், யாருக்காகச் செய்கிறீர்களோ அவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலாரம் அடித்தும் எழவில்லை என்று சொல்கிறவர்களில் இரு வகையினர் உண்டு. ஒருவருக்கு ஒலி உறைப்பதே இல்லை. கடிகாரம் தானாக ஓய்ந்துபோகும் வரை அடித்துக்கொண்டிருக்க, அவர் அசையாமல் உறங்குகிறார். மற்றவர் கையை நீட்டுகிறார், இருட்டில் தடவி, விரல் நுனியால் பொத்தானைச் சரியாகக் கண்டுபிடித்து அழுத்துகிறார், மறுபக்கம் புரண்டு போர்வையை இழுத்துக்கொள்கிறார். பிறகு கேட்டால் அலாரம் அடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவில்லை. இருவரையும் பிரித்தறிய, பொத்தான் அழுத்தப்பட்ட நேரத்தைக் கடிகாரமே பதிவு செய்துவைத்தால் போதும். முதல் வகையினருக்கு எழுப்பும் தூண்டலை மாற்ற வேண்டும். இரண்டாம் வகையினருக்குத் தூண்டலை எவ்வளவு மாற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே விழித்துவிட்டார்கள். விழித்ததைத் தக்கவைக்கத்தான் முடியவில்லை.

இந்த இரண்டாம் நிலையைப் புரிந்துகொள்ளாமல் வடிவமைப்பைத் தொடங்கக் கூடாது. உறக்கம் ஒரே ஆழத்தில் செல்வதில்லை. லேசான உறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு மிகுந்த உறக்கம் ஆகியவை ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக மாறி மாறி வருகின்றன. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் மிகுதியாகவும், கனவுறக்கம் விடியலை ஒட்டி மிகுதியாகவும் இருக்கும். நேரத்துக்குப் படுத்து ஏழெட்டு மணி நேரம் உறங்கியவருக்கு, அலாரம் அடிக்கும்போது ஆழ்ந்த உறக்கம் பெரும்பாலும் முடிந்திருக்கும். பின்னிரவு இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழ முயல்கிறவருக்கும், பல நாள் உறக்கத்தைப் பாக்கி வைத்திருப்பவருக்கும் அப்படி இருக்காது. அந்த ஆழத்திலிருந்து பிடுங்கி எழுப்பப்படும்போது மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. மூளைத்தண்டும், புலன் செய்திகளை மூளைக்குள் கடத்தும் தலாமஸும் முதலில் விழிப்பு நிலைக்குத் திரும்புகின்றன. திட்டமிடுவதையும் தீர்மானிப்பதையும் தன்னைக் கட்டுப்படுத்துவதையும் கவனிக்கும் முன்னெற்றிப் பகுதி பின்தங்கியே வருகிறது. இந்தத் தூக்கக் கலக்கம் பொதுவாக 15 முதல் 30 நிமிடங்களில் பெருமளவு விலகும். உறக்கம் குறைந்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அதுவரை கை வேலை செய்யும், பழகிய செயல்கள் தாமாக நடக்கும், எழ வேண்டும் என்ற முந்தைய இரவின் தீர்மானம் மட்டும் கைக்கு வந்து சேராது.

ஆகவே, அணைப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்த நேரத்தில் அந்த மனிதரிடம் கேட்கவே கூடாது என்பதுதான் நான் சொல்ல வரும் ஒரே வடிவமைப்பு விதி. பொத்தானை எவ்வளவு தொலைவில் வைத்தாலும், எவ்வளவு சிக்கலாக்கினாலும், அது பொத்தானாக இருக்கும்வரை கலக்கத்தில் இருக்கும் கை அதை வெல்லக் கற்றுக்கொள்ளும்.

வழக்கத்துக்கு மாறான கடிகாரங்களின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது. 1851இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சியிலேயே, குறித்த நேரத்தில் சாய்ந்து படுத்திருப்பவரை இறக்கிவிடும் கட்டில் வைக்கப்பட்டிருந்தது. 2005இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் மாணவியாக இருந்த கௌரி நந்தா வடிவமைத்த க்ளாக்கி என்னும் கடிகாரம், மேசையிலிருந்து குதித்து, சக்கரங்களில் உருண்டோடி ஒளிந்துகொண்டு அடித்தது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு சிந்திக்கவைக்கும் முயற்சிகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும், பொருளாதாரப் பிரிவில், அதற்குக் கிடைத்தது. உடலைப் படுக்கையிலிருந்து கிளப்ப வேண்டும் என்ற உள்ளுணர்வில் இவை இரண்டும் சரியானவை, அதை நான் உயர்வாகவே மதிக்கிறேன். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சரிசெய்ய நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுவதால், நிற்பதே ஒரு விழிப்பூட்டல். ஆனால் கடிகாரத்தைத் துரத்திப் பிடித்து அணைத்த பிறகு, நான்கு அடி தொலைவில் வெதுவெதுப்பான படுக்கை அப்படியே காத்திருக்கிறது; அதற்குத் திரும்பிப் போவதை எதுவும் தடுப்பதில்லை.

கணக்குப் போட்டால்தான் நிற்கும் என்ற யோசனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கக் கலக்கத்தில் அதிகம் பாதிக்கப்படும் திறன் எதுவோ, அதையே சாவியாக வைப்பது அது. கலக்கம் குறைவாக உள்ளவர் இரண்டே வாரத்தில் அதை இயந்திரத்தனமாகச் செய்யப் பழகிவிடுவார்; கலக்கம் கடுமையாக உள்ளவர் விடை வராத எரிச்சலில் கைபேசியையே அணைத்துவிடுவார். குளியலறைச் சுவரில் ஒட்டிய குறியீட்டைப் படம் பிடித்தால்தான் நிற்கும் என்னும் செயலிகள் அதைவிட மேல், ஏனென்றால் அவை மூளையைச் சோதிக்காமல் கால்களை நடக்கவைக்கின்றன. அவற்றிலும் குறை ஒன்றுதான்: படம் பிடித்த பிறகு அவற்றின் கவனம் முடிந்துவிடுகிறது.

எனவே, படுக்கையே அலாரத்தை அணைக்கட்டும். அவர் படுக்கையில் இருக்கிறாரா இல்லையா என்பதை ஒரு சென்சார் அறிய வேண்டும். இருக்கும்வரை அலாரம் அடிக்கும், எழுந்து நின்றதும் தானாக நிற்கும், அடுத்த இருபது அல்லது முப்பது நிமிடங்களுக்குள் மீண்டும் படுத்தால் மீண்டும் அடிக்கும். அந்தக் காவல் நேரம் முடிந்ததும் கடிகாரம் ஒதுங்கிவிடும். தூக்கக் கலக்கம் விலகும் வரை மட்டும் முன்னெற்றிப் பகுதியின் பொறுப்பைக் கருவி தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறது. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எழுந்த அந்தக் கணமே, எந்தப் பொத்தானையும் தேடாமல் ஒலி நின்றுவிடுவதால், எழுவதற்கும் அமைதிக்கும் நேரடித் தொடர்பு ஏற்படுகிறது. நாளடைவில் அது பழக்கமாகப் பதிவதற்கு வாய்ப்பு அதிகம். வழக்கமான கடிகாரம் இதற்கு நேர்மாறானதைப் பழக்குகிறது: படுத்துக்கொண்டே கையை நீட்டினால் அமைதி கிடைக்கும்.

இந்தச் சென்சாரை அமைப்பதில்தான் வடிவமைப்பின் பெரும்பகுதி உழைப்பு இருக்கிறது, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். இரண்டு வழிகள் நடைமுறையில் கைகொடுக்கும். ஒன்று, கட்டிலின் நான்கு கால்களுக்கு அடியிலும் எடை உணரும் லோடு செல்களை வைப்பது. மற்றது, மெத்தைக்கு அடியில் இடுப்பு வரும் இடத்தில் அழுத்தம் உணரும் பட்டை ஒன்றைக் குறுக்காக வைப்பது. லோடு செல் துல்லியமானது, ஆனால் கட்டிலில் இருவர் உறங்கினால் யார் எழுந்தார் என்பதை அதனால் எளிதில் சொல்ல முடியாது. பட்டையை ஒருவர் பக்கத்தில் மட்டும் வைக்கலாம் என்பதால் இருவர் உறங்கும் கட்டிலுக்கு அதுவே ஏற்றது. எதைத் தேர்ந்தாலும், எடையை நிலையான ஓர் எண்ணுடன் ஒப்பிடாதீர்கள். தலையணைகள் கூடும், குறையும், போர்வை தரையில் விழும், சென்சாரின் அளவே வெப்பத்தாலும் நாட்பட்ட சுமையாலும் மெல்ல நகரும். அன்றிரவு அவர் படுத்தபோது கிடைத்த அளவையும், படுப்பதற்குச் சற்று முன் காலிக் கட்டில் காட்டிய அளவையும் எடுத்து, அந்த இரண்டுக்கும் இடையில் எல்லையை ஒவ்வோர் இரவும் புதிதாக வகுப்பதே நம்பகமானது.

அந்த எல்லை எங்கே விழ வேண்டும் என்பது, எழுவது என்றால் என்ன என்று நீங்கள் முடிவு செய்வதைப் பொறுத்தது. கட்டிலின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள்: பாதங்கள் தரையில் ஊன்றியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், தலை கவிழ்ந்திருக்கும், லோடு செல்லில் பார்த்தால் உடல் எடையின் பெரும்பகுதி இன்னும் கட்டிலிலேயே இருக்கும். இரண்டு நிமிடம் அப்படியே விட்டால் அவர் பக்கவாட்டில் சரிந்து மறுபடி உறங்கிவிடுவார். ஆகவே உட்கார்ந்திருப்பதை எழுந்ததாக ஏற்கக் கூடாது, ஆனால் தண்டிக்கவும் கூடாது; அந்த நிலையில் ஒலியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, முழுமையாக நின்றால்தான் நிறுத்துவது நல்ல நடுவழி. அதேபோல், ஒலி நிற்பதற்கு முன் எடை சில நொடிகள் தொடர்ந்து நீங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் புரண்டு படுப்பதையும் முழங்கையை ஊன்றித் தலை தூக்குவதையும் கருவி எழுந்ததாக எண்ணிவிடும். எதிர்ப்பக்கத்திலும் பொறுமை வேண்டும். எழுந்த பின் கட்டிலில் அமர்ந்து காலுறை அணிகிறவரை உடனே முழு ஒலியால் விரட்டினால், மூன்றாம் நாள் அவர் மின்இணைப்பைப் பிடுங்கிவிடுவார். மீண்டும் உட்கார்ந்தால் முதலில் ஒரு மென்மையான எச்சரிப்பு, படுத்ததற்கான எடை வந்தால் மட்டும் முழு ஒலி என்று பிரித்துவையுங்கள்.

முற்றிலும் நிறுத்த முடியாத அலாரம் செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காய்ச்சலோடு படுத்திருக்கிறவர், திடீரென விடுமுறை அறிவிக்கப்பட்டவர், குழந்தையை மடியில் வைத்திருப்பவர் ஆகியோருக்கு ஒரு வழி இருந்தாக வேண்டும். அறைக்கதவின் அருகில், நின்றால் மட்டுமே எட்டும் உயரத்தில், பத்து நொடி அழுத்திப் பிடித்தால் அன்றைய காவலை நீக்கும் ஒரு பொத்தான் போதும். அதை அழுத்தியதும் பதிவாகட்டும். மேலும், ஒருவர் எழுந்து போய் வேறோர் அறையின் சோபாவில் படுத்துவிட்டால் இந்தக் கருவியால் ஒன்றும் செய்ய முடியாது. அதை அடைக்க முயன்று வீடு முழுவதும் சென்சார் வைக்கத் தொடங்காதீர்கள். நடந்து, வெளிச்சத்துக்கு வந்து, சூடு இல்லாத இடத்தில் படுப்பவர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டார்.

இனி, எழுப்பும் தூண்டல். ஒலி உறைக்காத முதல் வகையினருக்கு இதுவே முதன்மையானது. பெரும்பாலான மலிவான கடிகாரங்களும் பழைய புகை எச்சரிப்பான்களும் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலியைத் தருகின்றன, காரணம் அவற்றில் உள்ள பீசோ பஸ்ஸர் என்னும் சிறிய ஒலிப்பான் அந்த அதிர்வெண்ணில்தான் உரக்க ஒலிக்கும். ஆனால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டொரதி ப்ரக், இயன் தாமஸ் ஆகியோர் நடத்திய ஆய்வுகளில், 520 ஹெர்ட்ஸ் அடிப்படை கொண்ட சதுர அலை ஒலி, அதே உரப்புள்ள கீச்சொலியைவிட மிக எளிதாக உறங்குகிறவர்களை எழுப்பியது. செவித்திறன் குறைந்தவர்கள், குழந்தைகள், மது அருந்தியவர்கள் ஆகியோரிடம் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அதன் விளைவாகவே, உறங்கும் அறைகளில் தாழ்ந்த அதிர்வெண் ஒலியைப் பயன்படுத்த வேண்டும் என்ற விதி அமெரிக்கத் தீ எச்சரிப்பு நெறிமுறையான என்.எஃப்.பி.ஏ. 72இல் சேர்க்கப்பட்டது. சதுர அலையில் 520 உடன் 1,560, 2,600 என ஒற்றைப்படை மடங்குகளும் கலந்திருப்பதால், காதின் ஒரு பட்டை மங்கியிருந்தாலும் இன்னொன்றில் ஒலி விழும். ஆகவே உரப்பைக் கூட்டுவதற்கு முன் பஸ்ஸரைக் கழற்றிவிட்டு ஒரு நல்ல ஸ்பீக்கரைப் பொருத்துங்கள்; தாழ்ந்த ஒலியைச் சிறிய பஸ்ஸரால் தர இயலாது.

உறங்கும் மூளை ஒலியின் உரப்பை மட்டும் பார்ப்பதில்லை, பொருளையும் பார்க்கிறது. உறங்குகிறவர்கள் மற்றப் பெயர்களைவிடத் தங்கள் பெயருக்கு அதிகம் எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதை 1960இலேயே ஆஸ்வால்டும் அவருடைய சகாக்களும் காட்டினர். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குத் தாயின் குரலால் எழுந்தனர். வழக்கமான கீச்சொலிக்கு எழுந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான். நெருங்கியவர் ஒருவரின் குரலில் உறங்குகிறவரின் பெயரைச் சொல்லி அழைக்கும் பதிவை ஒலியோடு சேர்ப்பது செலவில்லாத, வலுவான முன்னேற்றம். ஒரே பதிவு நாள்தோறும் ஒலித்தால் மூளை அதையும் வடிகட்டத் தொடங்கிவிடும் என்பதால், பத்துப் பதினைந்து பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யுங்கள். மெல்லிசைத் தன்மை கொண்ட ஒலியால் எழுந்தவர்கள் குறைவான கலக்கத்தை உணர்ந்ததாக ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அது பங்கேற்றவர்களின் சொந்த மதிப்பீட்டை மட்டும் நம்பிய சிறிய ஆய்வு என்பதால் அதன் மீது முழுக் கட்டடத்தையும் எழுப்ப மாட்டேன். என்றாலும் தொடக்க ஒலியை இசைவாக வைத்துப் பிறகு கடுமையாக்குவதில் இழப்பு ஒன்றும் இல்லை.

படிப்படியாகக் கூட்டுவதற்கு அழகைத் தாண்டிய காரணம் உண்டு. திடீரென்று உச்ச ஒலியில் எழுப்பும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறுகின்றன. பெரும்பாலோருக்கு அது சில நொடி அதிர்ச்சியோடு முடிந்துவிடும். ஆனால் நீண்ட க்யூ.டி. நோய்க்குறியின் இரண்டாம் வகை என்னும் பரம்பரை இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு, அலாரம், தொலைபேசி மணி போன்ற எதிர்பாராத ஒலிகளே உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறைத் தூண்டக்கூடும் என்பது மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டது. பிறருக்காகக் கருவி செய்கிறவர் இதை மறக்கவே கூடாது. ஒளியைப் பளிச்சிடச் செய்வதிலும் அதே கவனம் வேண்டும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம்.

காது கேளாதவர்களுக்கும், அருகில் உறங்குகிறவரை எழுப்ப விரும்பாதவர்களுக்கும் அதிர்வுதான் விடை. தலையணைக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ வைக்கும் அதிர்வு மோட்டார் தொடர்ந்து உறுமுவதைவிட, விட்டு விட்டு, ஒழுங்கற்ற இடைவெளியில் அதிர்வது நல்லது. மணத்தால் எழுப்புவதை விட்டுவிடுங்கள். மேரி கார்ஸ்கடன், ரேச்சல் ஹெர்ஸ் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆழ்ந்து உறங்குகிறவர்களைப் புதினா மணமும் எழுப்பவில்லை, பிரிடின் என்னும் வேதிப்பொருளின் துர்நாற்றமும் எழுப்பவில்லை. வசாபி ஆவியால் எழுப்பும் தீ எச்சரிப்பான் ஒன்றை ஜப்பானியர்கள் செய்து 2011இல் இக் நோபல் பெற்றார்களே என்று கேட்கலாம். அது மணத்தால் வேலை செய்யவில்லை, மூக்கின் உட்தோலில் உள்ள நரம்பை எரிச்சலூட்டி வேலை செய்தது. தினமும் காலையில் அதற்கு யாரும் உடன்பட மாட்டார்கள்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது, எழுவதற்கு முன் தரும் ஒளியையும் எழுந்த பின் தரும் ஒளியையும் தனித்தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அலாரத்துக்கு அரைமணி நேரம் முன்பிருந்து மெல்லப் பிரகாசமாகி, இறுதியில் 250 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) வரை எட்டும் செயற்கை விடியல், எழுந்த பின் உணரும் கலக்கத்தைக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மூடிய இமை ஒளியின் மிகச் சிறு பங்கையே உள்ளே விடுகிறது, அதிலும் சிவப்பை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் விடுகிறது; எனவே இந்தக் கட்டத்தில் செம்மஞ்சள் வெளிச்சம் போதும். கண் திறந்த பிறகு கதை மாறுகிறது. விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட செல்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அதிகம் துடித்து, மூளையின் நாள்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆகவே அவர் எழுந்து நின்றதைச் சென்சார் கண்டதும் அறையை நல்ல வெண்ணொளியால் நிரப்புங்கள். மேசை விளக்கு ஒன்றை ஒரு மூலையில் வைத்தால், அவர் மறுபக்கம் திரும்பிப் படுத்த அன்று அது வீண். விளக்கு மேலே, பரந்து விழும்படி இருக்க வேண்டும். முகத்தை மூடிப் படுக்கிறவருக்கு விடியல் ஒளியே பயன்படாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒளி இருபுறமும் வெட்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உடலின் உள்வெப்பம் இரவில் இறங்கி, இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்த அடிமட்டத்துக்குப் பின் படும் ஒளி நாள்கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் படும் ஒளி பின்னே தள்ளும். எழச் சிரமப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர், 1981இல் முதலில் விவரிக்கப்பட்ட தாமத உறக்கக் கட்டம் என்னும் கோளாறு உடையவர்கள். பின்னிரவு மூன்று மணிக்கு முன் உறக்கம் பிடிக்காது, விட்டால் பதினொரு மணி வரை நன்றாக உறங்குவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆறு மணிக்கு வலிமையான விடியல் ஒளியைக் கொடுத்தால், அவருடைய வெப்பம் இன்னும் அடிமட்டத்தைத் தொட்டிருக்காது. ஒளி அவர் கடிகாரத்தை மேலும் தாமதமாக்கிவிடும். உதவ வந்த கருவி அவரை இன்னும் ஆழமாகச் சிக்கவைக்கும். எனவே உங்கள் கடிகாரத்தில், இயல்பாக விழிக்கும் நேரத்தை முதலில் கேட்டு, அங்கிருந்து ஓரிரு நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் என ஒளியையும் அலாரத்தையும் சேர்த்து முன்னே கொண்டுவரும் ஒரு முறைமையை அவசியம் சேருங்கள். விடுமுறை நாள்களில் அது நின்றுவிடாதபடியும் அமையுங்கள், ஏனென்றால் இரண்டு நாள் நண்பகல் வரை உறங்கினால் அந்த வாரம் முழுவதும் ஈட்டியது கரைந்துபோகும்.

உறக்கத்தின் லேசான கட்டத்தைக் கண்டறிந்து, அரைமணி நேர இடைவெளிக்குள் ஏதோ ஒரு கணத்தில் எழுப்பும் கடிகாரங்களைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். மணிக்கட்டு அசைவை வைத்து உறங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பதை ஓரளவு நன்றாகச் சொல்லலாம். எந்தக் கட்டத்தில் உறங்குகிறார் என்பதைச் சொல்வதில் அவை வலுவற்றவை. அதைவிட முக்கியமான ஒரு தயக்கம் எனக்கு உண்டு. 1999இல் ஜெர்மனியின் ஜான் போர்னும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், ஆறு மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லப்பட்டவர்களின் இரத்தத்தில், எழுப்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே கார்டிசால் சுரப்பைத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்னும் ஹார்மோன் ஏறத் தொடங்கியது. ஒன்பது மணி என்று சொல்லிவிட்டு ஆறுக்கே எழுப்பப்பட்டவர்களிடம் அந்த முன்னேற்பாடு நிகழவில்லை. உடல் நேரத்தை எதிர்பார்த்துத் தயாராகிறது. ஒவ்வொரு நாளும் வேறு நேரத்தில் எழுப்பும் கடிகாரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அடுக்கிவைத்த ஆறு அலாரங்களும் அந்த எதிர்பார்ப்புக்கு நம்பகமான குறி எதையும் தருவதில்லை. ஒரே நேரம், ஒரே அலாரம், மாறாமல் என்பதையே நான் தேர்வேன்.

மின்னணுப் பகுதியில் நம்பகத்தன்மையைத் தவிர வேறெதுவும் பெரிதில்லை. நேரத்தை இணையத்திடமிருந்து மட்டும் பெறாதீர்கள், டி.எஸ். 3231 போன்ற நேரக் கணிப்புச் சில்லு, வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு ஆண்டுக்கு ஒரு நிமிட அளவே பிசகும், சிறிய நாணய பேட்டரியில் மின்தடையையும் தாண்டும். ஒலியையும் அதிர்வையும் ஒரு மணி நேரமாவது இயக்கும் மாற்று பேட்டரி வேண்டும். கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகண்ட்ரோலர் உறைந்துபோனால் தானாக மறுபடி தொடங்கும் காவல் டைமரை இயக்கிவையுங்கள். சென்சார் கம்பி அறுந்தால் படுக்கை காலி என்று கருவி எண்ணிவிடக் கூடாது. அளவு வரவில்லையென்றால் அடிப்பதே அதன் இயல்பாக இருக்கட்டும்.

சோதிக்கும்போது முதல் வாரத்தின் முடிவுகளை நம்பாதீர்கள். புதிய ஒலி, புதிய கருவி என்ற ஆர்வத்திலேயே எவரும் எழுவார்கள். அலாரம் அடித்ததிலிருந்து கடைசியாகப் படுக்கையை விட்டு நீங்கியது வரை எவ்வளவு நேரம், காவல் நேரத்துக்குள் எத்தனை முறை திரும்பினார், கதவருகில் உள்ள பொத்தானை எத்தனை நாள் அழுத்தினார் ஆகிய மூன்றையும் ஆறு வாரமாவது பதிவு செய்து, அவருடைய பழைய அலாரத்தோடு வாரம் மாற்றி வாரம் ஒப்பிடுங்கள். அவர் எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதையும் அதே சென்சார் சொல்லிவிடும், அதை அவசியம் பாருங்கள். வயதுவந்தவருக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். ஐந்து மணி நேரமே படுக்கிறவரிடம் கருவி தோற்பது கருவியின் தோல்வி ஆகாது. எட்டு மணி நேரம் உறங்கியும் ஒவ்வொரு காலையும் அடித்துப்போட்டதுபோல் கிடக்கிறவர், உரக்கக் குறட்டை விட்டு இடையில் மூச்சுத் திணறுகிறவர், பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறவர், உறக்கம் தரும் மருந்துகளை உட்கொள்கிறவர் ஆகியோரை முதலில் உறக்க மருத்துவரிடம் அனுப்புங்கள். உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடை, பகலில் அடக்க முடியாமல் உறக்கம் வரும் நார்கோலெப்சி போன்றவற்றுக்குச் சிகிச்சை உண்டு, அவற்றை அலாரத்தால் மறைப்பது அவர்களுக்குத் தீங்கு.

கட்டத் தொடங்கும்போது, விடியல் விளக்கு, குரல் பதிவு, அதிர்வு என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்க்க வேண்டாம். மெத்தைக்கு அடியில் ஓர் அழுத்தப் பட்டை, ஒரு மைக்ரோகண்ட்ரோலர், நேரச் சில்லு, 520 ஹெர்ட்ஸ் சதுர அலையை ஒலிக்கும் ஒரு ஸ்பீக்கர், இவ்வளவே முதல் மாதிரிக்குப் போதும். அது இரண்டு வாரம் தவறாமல் படுக்கையைச் சரியாக உணர்ந்த பிறகு, பதிவுகளைப் பார்த்து அடுத்ததைச் சேருங்கள்: ஒலிக்கு எழ நெடுநேரம் பிடித்தால் குரலையும் அதிர்வையும், எழுந்தபின் அடிக்கடி திரும்பிப் படுத்தால் வெண்ணொளியையும் நீண்ட காவல் நேரத்தையும்.